பேரன் வீட்டுக்குப் போகும் தாத்தா!

வயது 55. தலை பாதி நரைத்துவிட்டது. ஆனால், காலில் பலம் இருக்கிறது. மூச்சு வாங்காமல் மாடிப் படி ஏற முடிகிறது.

ஆபீசுக்குப் போக வேண்டியது இல்லை. மேல் அதிகாரிக்குப் பயப்பட வேண்டியது இல்லை. யாரிடமும் லீவு கேட்க வேண்டியது இல்லை.

இனி என்ன செய்வது?

"பிள்ளை திருச்சியில்தானே இருக்கிறான்! பத்து நாள் போய் இருந்துவிட்டு வரலாம். பேரனையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்கிறார் மனைவி.

இந்தப் பேச்சு நடக்கும் வீடுகள் இன்று தமிழ்நாட்டில் ஏராளம்!

55, 58, 60

வெள்ளைக்காரர் காலத்தில், சர்க்கார் உத்தியோகம் என்றால் 55 வயது வரைதான். சுதந்திரம் வந்த பிறகும் அப்படியே இருந்தது.

1962-ம் ஆண்டு டிசம்பரில், மத்திய அரசு அதை 58 ஆக்கியது. 1998-ல் 60 ஆயிற்று. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2020-ல் 59, 2021-ல் 60.

வயது ஏறிக்கொண்டே போனது. ஆனால், "அதுவரை என்னால் காத்திருக்க முடியாது" என்று முன்னாலேயே விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு "விருப்ப ஓய்வு" என்று பெயர். மத்திய அரசு ஊழியர் 20 ஆண்டு வேலை பார்த்திருந்தால் போதும். மூன்று மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம்.

2000, 2001-ம் ஆண்டுகளில், அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டார்கள்.

அடுத்து, பி.எஸ்.என்.எல். டெலிபோன் நிறுவனம். 50 வயது ஆனவர்கள் விலகலாம் என்று 2019-ல் அறிவித்தது. 2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, ஒரே நாளில், சுமார் 78 ஆயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள்! நிறுவனத்தில் பாதிப் பேர்!

பாவம், அவர்களுடைய நேரம்! இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கொரோனா வந்தது. மார்ச் மாதம் ரெயில்கள் நின்றுவிட்டன. ஊர் சுற்றலாம், பிள்ளை வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டியதாயிற்று.

இப்போது அந்தத் தடை இல்லை. கிளம்ப வேண்டியதுதான்.

பாதை திரும்பிவிட்டது

முன்பெல்லாம் பேரன்தான் தாத்தா வீட்டைத் தேடி வருவான்.

பள்ளிக்கூடம் மூடியதும் டிரங்குப் பெட்டியோடு ரெயில் ஏறுவான். திருச்சியில் இறங்குவான். குதிரை வண்டியில் ஸ்ரீரங்கம். பாட்டி கையால் சோறு. காவிரியில் குளியல். இரண்டு மாதம் போவதே தெரியாது.

பிரசவம் என்றாலும் தாத்தா வீடுதான். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி சர் சி.வி.ராமன், 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தது எங்கே தெரியுமா? ஸ்ரீரங்கத்தை ஒட்டி இருக்கும் திருவானைக்காவலில். அது அவருடைய தாயாரின் பிறந்த வீடு.

எழுத்தாளர் சுஜாதாவும் அப்படித்தான். அவர் 1935-ல் சென்னையில் பிறந்தவர். ஆனால், வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். அந்தத் தெருக்களையும் அங்கே இருந்த மனிதர்களையும் வைத்தே பிற்காலத்தில் பல கதைகள் எழுதினார்.

இன்று பேரனுக்கு நேரம் இல்லை. பள்ளிக்கூடம், டியூஷன், பாட்டு வகுப்பு, நீச்சல் வகுப்பு! கோடை விடுமுறையிலும் ஏதாவது ஒரு வகுப்பு. அவனுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை.

நேரம் இருப்பது யாருக்கு? தாத்தாவுக்கு!

ஆகவே, தாத்தா பெட்டியைத் தூக்குகிறார்.

ரெயிலா? பஸ்சா?

சென்னையில் இருந்து திருச்சிக்கு ரெயிலில் 337 கிலோ மீட்டர். பகலில் பல்லவன் இருக்கிறது. இரவில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். இரண்டும் ஸ்ரீரங்கத்திலும் நிற்கும். பிள்ளை வீடு ஸ்ரீரங்கத்தில் என்றால் அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். திருச்சி வரை போய்த் திரும்ப வேண்டாம்.

ரெயிலில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 55 வயதுக்காரருக்கு அது முன்பும் கிடையாது. ஆனால், 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்க ரெயில்வேயில் ஏற்பாடு இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது மனைவியின் வயதைச் சரியாக எழுதுங்கள். வயதைக் குறைத்து எழுதினால், மேல் படுக்கைக்கு ஏற வேண்டியதுதான்!

திருச்சியில் ஊர் சுற்றுவதற்கு டவுன் பஸ் போதும். சத்திரம் பஸ் நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் போகும் 1-ம் நம்பர் பஸ், திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பஸ். அரசு சாதாரண டவுன் பஸ்களில் 2021-ம் ஆண்டு முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாட்டிக்கு டிக்கெட் செலவு மிச்சம். தனியார் பஸ்சில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். பார்த்து ஏறுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்?

இதுதான் பெரிய கேள்வி.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. பெற்றவர்கள் விருந்தாளிகளா? இல்லைதான். ஆனாலும், ஒரு வீட்டில் ஒரு நடைமுறை இருக்கும். காலை 7 மணிக்கு எல்லோருக்கும் குளியல் அறை வேண்டும். 8 மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும். அந்த நேரத்தில் தாத்தா காப்பியும் பேப்பரும் கேட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்தால், மருமகள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். முகம் சொல்லும்.

திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. போன அன்றே, "வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம்" என்று சொல்லிவிட வேண்டும். "இன்னும் நாலு நாள் இருங்களேன்" என்று அவர்கள் கேட்பது வேறு. "எப்போது கிளம்புவார்கள்?" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு.

மகள் வீடு என்றால், "பெண் வீட்டில் போய்த் தங்குவதா?" என்று தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தத் தயக்கம் தேவை இல்லாதது. மகளும் சம்பாதிக்கிறாள். அவளும் கூப்பிடுகிறாள். போக வேண்டியதுதானே!

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. விருப்ப ஓய்வில் ஒரு பெரிய தொகை மொத்தமாகக் கைக்கு வரும். "வீடு வாங்குகிறோம், கொடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். ஆனால், 55 வயதில் விலகியவர் இன்னும் 25, 30 ஆண்டு சாப்பிட்டாக வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு இனிமேல்தான் வரும். அந்தப் பேச்சைக் குழந்தைகளோடு குதூகலமாக இருக்கும் நாட்களில் முடிவு செய்ய வேண்டாம். ஊருக்குத் திரும்பி வந்து, மனைவியோடு கலந்து பேசிச் சொல்லலாம்.

பாட்டிக்கு ஓய்வு எப்போது?

தாத்தாவுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. பாட்டிக்கு?

ஊரில் அவர்தான் சமையல். பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளே, இங்கேயும் அவர்தான் சமையல்! "உங்கள் கை ருசி எனக்கு வராது, அத்தை" என்று மருமகள் சொல்வாள். பாட்டிக்கும் அது சந்தோஷம்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பத்து நாள் கழித்து ஊருக்குத் திரும்பும்போது, அவர் பார்த்தது அந்த அடுப்படியின் நாலு சுவர்கள்தான்!

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில்.

இதற்கு ஒரே வழி, காலையிலேயே வெளியே கிளம்பிவிடுவது. தாத்தா, பாட்டி, பேரன் மூன்று பேரும். இதற்குத் திருச்சியைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது. காரணம், ஆறு. ஆற்றைப் பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது!

இரண்டு கைகளுக்கு நடுவே

மேற்கில் இருந்து வரும் காவிரி, திருச்சிக்குச் சுமார் 18 கிலோ மீட்டருக்கு முன்னால், முக்கொம்பு என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. கிழக்கே கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

இதைப் புத்தகத்தில் படித்தால் பேரனுக்குப் புரியாது. மலைக்கோட்டை மேலே அழைத்துப் போய்க் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

உச்சிப் பிள்ளையார் கோவிலுக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள். பாறையைக் குடைந்து செய்த படிகள். வழியில் தாயுமானவர் சந்நிதி. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோவிலும் இருக்கிறது. உச்சிக்குப் போய் வடக்கே பார்த்தால், காவிரி, தென்னை மரங்கள், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், அதற்கு அப்பால் கொள்ளிடம், எல்லாம் படம் போட்டது போலத் தெரியும்.

இதை 55 வயதில் செய்துவிட வேண்டும்! 75 வயதில், "கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியதுதான். முன்கூட்டியே ஓய்வு பெற்றதன் லாபம் இந்தப் படிகளில் தெரியும்.

வெயில் ஏறுவதற்கு முன், காலை 7 மணிக்குள் ஏறிவிடுங்கள். கோவில் என்பதால் காலில் செருப்பு இராது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் 11 மணிக்குப் பாறை கொதிக்கும்.

வீதியிலேயே ஒரு நாள்

ஸ்ரீரங்கம் கோவிலுக்கு ஏழு சுற்று மதில்கள். 21 கோபுரங்கள். 156 ஏக்கர். இந்த மதில்களுக்கு உள்ளேயே வீதிகள், வீடுகள், கடைகள் எல்லாம் இருக்கின்றன. மனிதர்கள் குடியிருக்கும் கோவில் இது!

தெற்கு வாசல் ராஜகோபுரம் 236 அடி. பல நூறு ஆண்டுகள் மொட்டையாக நின்றது. "மொட்டைக் கோபுரம்" என்றே பெயர். அகோபில மடத்து 44-வது ஜீயர் முயற்சியில், 13 நிலைகளோடு கட்டி முடித்து, 1987-ம் ஆண்டு மார்ச் மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. தாத்தாவின் சிறு வயதில் அது மொட்டை. பேரன் பார்ப்பது முழுக் கோபுரம். சொல்வதற்குக் கதை இருக்கிறதா, இல்லையா?

அதிகாலையில் உத்திர வீதிகளையும் சித்திரை வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றினால், டாக்டர் சொன்ன நடையும் ஆயிற்று. வாசலில் கோலம் போடுவதைப் பார்க்கலாம். யானை வந்தால் பேரனுக்குக் கொண்டாட்டம்.

யானை என்றதும் ஒரு செய்தி. திருவானைக்காவல் கோவில் யானை அகிலா குளிப்பதற்காகக் கோவில் வளாகத்தில் தனியாக ஒரு நீச்சல் தொட்டி கட்டினார்கள். அது தண்ணீரில் புரண்டு விளையாடும் படம் ஊர் ஊராகப் பரவியது. திருவானைக்காவல் வரை போனவர்கள், அங்கே பேர் பெற்ற நெய் ரோஸ்ட்டைச் சாப்பிடாமல் வருவது இல்லை. அன்றைய காலைப் பலகாரம் பாட்டி செய்ய வேண்டாம்!

வைகுண்ட ஏகாதசிக்கு வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொர்க்கவாசல் திறக்கும் நாளில் கூட்டம் லட்சக்கணக்கில் கூடும். சிறு குழந்தையோடு நெருக்கடியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். சாதாரண நாளில் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம்.

வண்ணத்துப் பூச்சி

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே, வனத்துறை ஒரு வண்ணத்துப் பூச்சிப் பூங்கா அமைத்திருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். சுமார் 25 ஏக்கர். 100-க்கும் மேற்பட்ட வகை வண்ணத்துப் பூச்சிகள் அங்கே காணப்பட்டிருக்கின்றன.

நல்ல வெயில் வந்த பிறகுதான் வண்ணத்துப் பூச்சி பறக்கும். இறகு சூடாக வேண்டும். ஆகவே, மலைக்கோட்டைக்கு விடியலில் போனால், இங்கே 9, 10 மணிக்குப் போகலாம். தாத்தா தூங்கி எழுந்து மெதுவாக வரலாம்.

தண்ணீர் விளையாட்டு அல்ல

முக்கொம்பில் பூங்கா இருக்கிறது. பெரிய மரங்களின் நிழல் இருக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட அருமையான இடம். கல்லணையும் அப்படியே. கரிகால் சோழன் கட்டிய அணை என்று பேரனுக்குச் சொல்லலாம். இங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிந்து தஞ்சைப் பக்கம் போகிறது.

கல்லணைக்குப் போகிற அன்று புளியோதரையைத் தாத்தா கிளறட்டும். புளிக்காய்ச்சல் முதல் நாளே தயாராக இருந்தால், சாதத்தில் கலப்பதற்கு உத்தியோகத் தகுதி எதுவும் தேவை இல்லை!

ஆனால், தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை!

முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே, 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய பழைய அணை இருந்தது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, வெள்ளத்தின் வேகத்தில், அதன் 9 மதகுகள் இடிந்து போயின! பகலில் அந்தப் பாலத்தின் மேல் மக்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம், ஸ்ரீரங்கம் அருகே கொள்ளிடத்தில் இருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. முக்கொம்பில் 387 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

தண்ணீர் குறைவாக இருக்கும் நாளும் ஆபத்துதான். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. முழங்கால் அளவு என்று ஓர் அடி எடுத்து வைத்தால், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களே உயிர் இழந்திருக்கிறார்கள்.

"நான் இந்த ஆற்றில் நீந்தி வளர்ந்தவன்" என்று தாத்தா சொல்வார். உண்மைதான். ஆனால், அந்த ஆறு வேறு. இது வேறு. படித்துறை உள்ள இடத்தில், கடைசிப் படிக்கு மேலே நின்று, சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். பேரன் கையை விடக் கூடாது. தண்ணீர் கலங்கி, படி ஏறி வந்தால், துணியை விட்டுவிட்டாவது மேலே வந்துவிட வேண்டும். "குளிக்கக் கூடாது" என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் எந்தக் காரணம் கொண்டும் இறங்கக் கூடாது.

கடல் கடந்தும்

திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு விமானம் போகிறது. புதிய விமான நிலையக் கட்டிடத்தை 2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி பிரதமர் திறந்து வைத்தார். டெல்டா மாவட்டங்களில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இங்கேதான் வருகிறார்கள். மணப்பாறை முறுக்கு டப்பா பலருடைய பையில் இருக்கும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கும் இதே கணக்குதான். அங்கே அடுக்குமாடி வீட்டில், மொழி தெரியாத ஊரில், பகல் முழுவதும் உள்ளே உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனை. கீழே இறங்கி, பக்கத்துப் பூங்காவுக்குத் தனியாகப் போய்வரப் பழகிக்கொண்டவர்களுக்குத்தான் ஒரு மாதம் ஓடும்.

ஆடி 18

ஒரே ஒரு தடவைதான் திருச்சிக்கு வர முடியும் என்றால், ஆடிப் பெருக்குக்கு வாருங்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். நல்ல மழை பெய்த ஆண்டில், ஆடி 18-ந் தேதி காவிரி இரு கரையும் தொட்டுப் போகும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் விடிவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். புதுமணத் தம்பதிகள் வருவார்கள். பெண்கள் காதோலை, கருகமணி, பூ, பழம் வைத்துக் காவிரித் தாயைக் கும்பிடுவார்கள். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆடிப் பெருக்கையொட்டி, பெருமாளும் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் புடவையும் மஞ்சளும் குங்குமமும் சீர் கொடுப்பார்.

பிறகு, கரையில் வட்டமாக உட்கார்ந்து, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை, தயிர் சாதம். நாலு வீட்டுச் சாப்பாடு கை மாறும். தெரியாத குடும்பம் கூப்பிட்டு ஒரு பிடி கொடுக்கும்.

தண்ணீர் வராத சில ஆண்டுகளில், படித்துறையில் குழாய் போட்டு, ஷவர் வைத்துக் குளித்த கதையும் உண்டு. அன்றும் கூட்டம் வந்தது!

சின்னப் பையன்களுக்கு இந்த நாளில் சப்பரம் முக்கியம். மெல்லிய பலகையில் சிறு சக்கரம் வைத்து, மேலே சாமி படம் ஒட்டி, கயிறு கட்டி, ஆற்றங்கரை வரை இழுத்துக்கொண்டு போவார்கள். கடையில் வாங்கலாம். ஆனால், ஆணி அடிக்கத் தெரிந்த தாத்தா வீட்டில் இருக்கும்போது கடைச் சப்பரம் எதற்கு? இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டால், பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து முடித்துவிடலாம். முதல் சப்பரத்தின் சக்கரம் கோணலாகத்தான் ஓடும். பேரனுக்கு அது தெரியாது.